ஐந்நூறு ரூபாய்ச் சீட்டின் அசல் விலை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் வாளையாறு தாண்டியதும் லாட்டரிக் கடைகள் தொடங்கிவிடும். ஆவணி மாதத்தில் அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தமிழ்நாட்டு எண் பலகை போட்ட வண்டிகள் ஓரங்கட்டும். இறங்குகிறவர்கள் பலகையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் சீட்டுகளைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை ஒன்பது வருகிறதா என்று ஒருவர் விரல் விட்டு எண்ணுவார். இன்னொருவர் மனைவியைப் போனில் பிடித்து, "ஏழுல முடியிறதா, மூணுல முடியிறதா?" என்று கேட்பார். கேரள அரசின் திருவோணம் பம்பர் லாட்டரி, சீட்டு 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. 2023இல் அந்த 25 கோடி, திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர் இதே வாளையாறில் எடுத்த சீட்டுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்!

500 ரூபாய் கொடுத்து வாங்கும் அந்தக் காகிதத்துக்கு உண்மையில் எவ்வளவு பெறுமானம்? இதற்கு ஜோசியம் வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். போட்டுப் பார்த்தால், இத்தனை சாமர்த்தியமாக அமைத்த ஏற்பாடு வேறு உண்டா என்று தோன்றும்.

முதலில் எண்ணிக்கை. சீட்டில் இரண்டு எழுத்துத் தொடர் ஒன்றும் ஆறு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2023இல் பத்துத் தொடர்கள். ஆறு இலக்க எண் என்றால் 1,00,000 முதல் 9,99,999 வரை, அதாவது 9 லட்சம் எண்கள். பத்தால் பெருக்கினால் 90 லட்சம் சீட்டுகள். முழுசாக அச்சடித்தால் அவ்வளவு வரும். அதில் ஒன்றுக்குத்தான் 25 கோடி.

90 லட்சம் எவ்வளவு பெரியது என்று மனசில் நிற்காது. அரிசியாக்கிப் பார்ப்போம். ஒரு கிலோவில் தோராயமாக 50,000 அரிசி இருக்கும். 90 லட்சம் அரிசி என்றால் 180 கிலோ, 25 கிலோ சிப்பமாக ஏழு சிப்பத்துக்குச் சற்று மேல். அத்தனையையும் கூடத்தில் கொட்டிப் பரப்பி, ஒரே ஒரு அரிசிக்கு மட்டும் சிவப்பு மை தடவி, நன்றாகக் கலந்துவிடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு அரிசியை எடுங்கள். அதுதான் உங்கள் சீட்டு. இதைக் கேட்டு மிரளவேண்டாம். அமெரிக்காவின் பவர்பால் லாட்டரியில் முதல் பரிசுக்கான வாய்ப்பு 29,22,01,338இல் ஒன்று. அதை அரிசியில் காட்டக் கிட்டத்தட்ட ஆறு டன் வேண்டும், கூடம் போதாது, லாரிதான். அந்த வகையில் கேரளத்துச் சீட்டு எவ்வளவோ கருணை உள்ளது.

வாய்ப்பு குறைவு என்பதாலேயே சீட்டு மோசம் என்று சொல்லிவிட முடியாது. பரிசு அதற்கேற்பப் பெரிதாக இருந்தால் நியாயமான வியாபாரம்தானே? இங்கேதான் ஓர் அழகான தந்திரம் உதவுகிறது. 90 லட்சம் சீட்டுகளையும் ஒரே ஆள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அதிர்ஷ்டமும் கிடையாது, துரதிர்ஷ்டமும் கிடையாது. எல்லாப் பரிசும் அவருக்கே. செலவு 450 கோடி. வரவு? 2023ஆம் ஆண்டுத் திட்டப்படி மொத்தப் பரிசுகள் 5,34,670. அவற்றின் மொத்தத் தொகை 125 கோடியே 54 லட்சம். 90 லட்சத்தால் வகுத்தால் சீட்டுக்கு 139 ரூபாய் 49 காசு. கணிதக்காரர்கள் இதை 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்பார்கள், அதாவது ஒரு பந்தயத்தைத் திரும்பத் திரும்ப ஆடினால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகக் கையில் வந்து சேரும் தொகை. 500 ரூபாய்ச் சீட்டின் அசல் விலை 140 ரூபாய்கூட இல்லை.

அந்த 139 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. நம்மை வாளையாறு வரை இழுத்துச் சென்ற 25 கோடியின் பங்கு அதில் எவ்வளவு? 25 கோடியை 90 லட்சத்தால் வகுத்தால் 27 ரூபாய் 78 காசு. இரண்டு டீக் காசு. இரண்டாம் பரிசு ஒரு கோடி வீதம் இருபது பேருக்கு, மூன்றாம் பரிசு ஐம்பது லட்சம் வீதம் இருபது பேருக்கு. இரண்டும் சேர்ந்து 33 ரூபாய். மிச்சத்தில் பெரும்பகுதி, 77 ரூபாய், போஸ்டரில் யாரும் பெரிய எழுத்தில் போடாத 5,000, 2,000, 1,000, 500 ரூபாய்ப் பரிசுகளிலிருந்து வருகிறது. கனவுக்குப் பெரிய பரிசு, பெறுமானத்துக்குச் சின்னப் பரிசு.

சின்னப் பரிசுகளை வழங்கும் விதம் நேர்த்தியானது. லட்சக்கணக்கானவர்களை ஒவ்வொருவராகக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஓணம் வந்துவிடும். அதனால் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் குலுக்குகிறார்கள். 4718 என்று வந்தது என்று வையுங்கள். ஒரு தொடருக்குள் அப்படி முடியும் சீட்டுகள் தொண்ணூறு, பத்துத் தொடருக்கும் சேர்த்துத் தொள்ளாயிரம். ஒரே குலுக்கலில் 900 பேருக்குப் பரிசு! இப்படி 594 முடிவெண்களை எடுத்தால் 5,34,600 பரிசுகள் தயார். பெரிய பரிசுகளும் ஆறுதல் பரிசுகளும் சேர்ந்து வெறும் எழுபது. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ பதினேழு சீட்டுக்கு ஒன்று ஏதாவது ஒன்றை வெல்லும். பதினேழு வீடு உள்ள தெருவில் ஒரு வீட்டுக்குப் 'பரிசு விழுந்துவிட்டது'. அது 500 ரூபாய்தான், போட்ட காசு திரும்பியது, அவ்வளவே. பரிசு வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ரகம். ஆனால் அந்த வீட்டுக்காரர் அடுத்த முறை சும்மா இருப்பாரா?

வெல்லாதவர்களையும் இந்த ஏற்பாடு விடுவதில்லை. 2023இல் முதல் பரிசு பெற்ற எண் டி.ஈ. 230662. அதில் ஏதாவது ஓர் இலக்கம் மட்டும் மாறிய எண்கள் எத்தனை? முதல் இலக்கத்தை எட்டு விதமாக மாற்றலாம் (பூஜ்யம் வராது), மற்ற ஐந்தையும் ஒன்பது விதமாக. ஆக 53. பத்துத் தொடருக்கும் சேர்த்தால் 530 சீட்டுகள். எல்லாச் சீட்டும் விற்றிருந்தால் 530 பேர் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஒரே ஒரு நம்பர்ல போச்சே!" என்று சொல்லியிருப்பார்கள். முதல் மூன்று பரிசுகளுக்கும் உரிய 41 சீட்டுகளைக் கணக்கில் எடுத்தால் இந்த ஒரே ஒரு நம்பர்க்காரர்கள் இருபதாயிரத்தைத் தாண்டுவார்கள். குலுக்கும் இயந்திரத்துக்கோ பக்கத்து எண், தூரத்து எண் என்ற பேதம் கிடையாது. 230663 வைத்திருந்தவரும் 871145 வைத்திருந்தவரும் அதற்கு ஒன்றே. பக்கத்தில் வந்தது என்பது நம் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். கண் சொன்னதைத்தானே மனசு கேட்கிறது!

வரிக்கு வருவோம். 25 கோடி விழுந்தால் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், இரண்டரைக் கோடி போகும். மிச்சத்தில் 30 சதவீதம் வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கைக்கு வருவது 15 கோடியே 75 லட்சம். பிறகு மேல்வரியும் செஸும் கட்டினால் 13 கோடியை ஒட்டி நிற்கும். பெரிய பரிசுகளில் இந்தக் கமிஷனையும் 30 சதவீதத்தையும் கழித்துவிட்டுக் கணக்கை மறுபடி போட்டால், நம் 139 ரூபாய் 116 ஆகச் சுருங்கிவிடுகிறது. சீட்டு வாங்கும்போதே ஜி.எஸ்.டி.யும் கட்டிவிட்டோம், அதைக் கவனித்தீர்களா? அப்போது விகிதம் 28 சதவீதம். 500 ரூபாய்க்குள் அது 109 ரூபாய். வாங்கியவருக்குச் சராசரியாக 116, ஜி.எஸ்.டி.க்கு 109. இந்த லாட்டரியில் குலுக்காமலே ஜெயிப்பவர் யார் என்று தெரிகிறதல்லவா? 2025 செப்டம்பர் 22 முதல் அந்த விகிதம் 40 சதவீதம்.

அரசுக்கு இது புதிதாகத் தெரிந்த வித்தை அல்ல. கேரளம் 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. அப்போது சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. மறு வருஷம் தமிழ்நாட்டில் அண்ணா ஆட்சி அரசு லாட்டரியைக் கொண்டுவந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் நாற்பது கடந்தவர்கள் பலருக்கு இன்னும் வாயில் நிற்கும். இதைவிட நேர்மையான விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. விழாது என்பதைப் பாதி வரியில் ஒப்புக்கொண்டே விற்றார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. கூலிக்காசு முழுவதும் அதில் போய் நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் அந்தத் தடையைக் குறை சொல்லமாட்டார்கள். இன்றும் கேரளத்துச் சீட்டைத் தமிழ்நாட்டில் வைத்து விற்பது குற்றம். அதன் முடிவெண்ணை வைத்துத் திருட்டுத்தனமாக ஓடும் 'மூணு நம்பர்' லாட்டரிக்குக் கைதாகிறவர்களைப் பற்றிச் செய்தி வராத வாரம் அபூர்வம்.

லாட்டரி நடத்தும் மாநிலத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மத்திய அரசின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கல்தான் என்கிறது. கேரளத்தில் தினமும் குலுக்கல் நடக்கிறதே, எப்படி? கிழமைக்கு ஒரு பெயர்! செவ்வாய் ஸ்த்ரீ சக்தி, வியாழன் காருண்யா பிளஸ், சனி காருண்யா. ஏழு பெயர், ஏழு லாட்டரி, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள். சட்டம் மீறப்படவில்லை.

எண் ராசிக்கு வருவோம். பல்கேரியாவில் 2009 செப்டம்பர் 6 அன்று நடந்த குலுக்கலில் 4, 15, 23, 24, 35, 42 என்ற ஆறு எண்கள் வந்தன. நான்கு நாள் கழித்து அடுத்த குலுக்கல். வரிசை மாறி அதே ஆறு எண்கள்! நாடே கொதித்தது, விசாரணை நடந்தது, மோசடி எதுவும் சிக்கவில்லை. பந்துகளுக்கு ஞாபகசக்தி கிடையாது. போன வாரம் வந்தோமே, இந்த வாரம் ஒதுங்கி நிற்போம் என்று அவை நினைப்பதில்லை. உலகமெங்கும் வருஷக்கணக்கில் ஆயிரக்கணக்கான குலுக்கல்கள் நடக்கும்போது எங்கேயாவது ஒருமுறை இப்படியும் வந்துதான் தீரும். என்னைக் கவர்ந்தது வேறு விஷயம். முதல் முறை அந்த ஆறையும் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. இரண்டாம் முறை பதினெட்டுப் பேர்! வந்த எண் திரும்ப வராது என்று உலகமே நினைக்க, பதினெட்டுப் பேர் அதையே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

நாமே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் இந்த வகை லாட்டரியில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. எந்த எண்ணை எழுதினாலும் ஜெயிக்கும் வாய்ப்பு அதேதான். மாறுவது, ஜெயித்தால் எத்தனை பேரோடு பங்கு போடவேண்டும் என்பது. பிறந்தநாளை வைத்து எழுதுகிறவர்கள் எல்லோரும் 31க்குள் அடைபடுகிறார்கள், அங்கே கூட்டம் அதிகம். 2005 மார்ச் 30 பவர்பால் குலுக்கலில் இரண்டாம் பரிசுக்கு நான்கைந்து பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்து நின்றவர்கள் 110 பேர்! திருட்டு என்றே அதிகாரிகள் நினைத்தார்கள். விசாரித்தால், அமெரிக்கச் சீன உணவகங்களில் சாப்பாட்டுக்குப் பின் தரும், உள்ளே ஆரூடச் சீட்டு வைத்த பிஸ்கட்டிலிருந்து வந்த எண்கள். நியூயார்க்கில் உள்ள ஒரு பிஸ்கட் கம்பெனி ஒரே ஆறு எண்களை ஏராளமான ஆரூடச் சீட்டுகளில் அச்சடித்திருந்தது. ஐந்து எண் பொருந்தியது. ஆறாவது அச்சில் 40, குலுக்கலில் 42. நல்லவேளை அவர்களின் பரிசு நிலையான தொகை. அந்த ஆறாவதும் பொருந்தியிருந்தால் முதல் பரிசைப் பல துண்டு போட்டிருக்கவேண்டும். வாளையாறுச் சீட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஓர் எண்ணுக்கு ஒரே சீட்டு. அங்கே கூட்டுத்தொகை பார்ப்பதால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நேரம்தான் போகும்.

எல்லாச் சீட்டையும் வாங்கும் கற்பனை மனிதர் ஒருவரைச் சொன்னேன் அல்லவா? அவர் நிஜத்திலும் இருந்தார். ஸ்டீபன் மாண்டெல், ருமேனியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில லாட்டரியில் 44 எண்களில் ஆறைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அதற்கு 70,59,052 வழிகள். சீட்டு ஒரு டாலர். 1992 பிப்ரவரியில் யாருக்கும் விழாமல் சேர்ந்து சேர்ந்து முதல் பரிசு 2.7 கோடி டாலரைத் தாண்டியது. எழுபது லட்சம் போட்டால் இருநூற்று எழுபது லட்சம்! மாண்டெல் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, ஆள் வைத்துக் கடை கடையாகச் சீட்டு எடுத்தார். நேரம் போதவில்லை. சுமார் 50 லட்சம் சீட்டோடு கடை மூடிவிட்டது. இருபது லட்சம் எண்கள் கைக்கு வராமல் வெளியே நிற்க, குலுக்கல் நடந்தது. பரிசு அவர்களிடம் இருந்த சீட்டுக்கே விழுந்தது. கேரளத்துப் பம்பரில் இந்த வித்தை பலிக்காது. முழுதும் வாங்கினால் 324 கோடிக்கு மேல் நஷ்டம் என்று நாம்தான் கணக்குப் போட்டுவிட்டோமே.

இதைவிட எனக்குப் பிடித்தது மிச்சிகன் மாநிலத்து ஜெரி செல்பி கதை. சின்ன ஊரில் மனைவியோடு கடை நடத்தி ஓய்வுபெற்றவர். 2003இல் ஒரு கடையில் 'வின்ஃபால்' என்ற புது லாட்டரியின் விளம்பரத் துண்டறிக்கையைப் பார்த்தார். முதல் பரிசு 50 லட்சம் டாலரை எட்டியும் யாரும் ஜெயிக்காவிட்டால், அந்தப் பணம் கீழிறங்கி, சின்னப் பரிசுக்காரர்களுக்குப் பிரித்துத் தரப்படும் என்று அதில் இருந்தது. செல்பி மனக்கணக்குப் போட்டார். ஆறில் நான்கு எண் பொருந்தும் வாய்ப்பு 1,032இல் ஒன்று. மூன்று பொருந்த 57இல் ஒன்று. பணம் இறங்கும் வாரத்தில் நான்குக்கு ஏறக்குறைய 1,000 டாலர், மூன்றுக்கு 50 டாலர். ஆகவே 1,100 டாலருக்குச் சீட்டு எடுத்தால் ஒரு நான்கும் பதினெட்டு, பத்தொன்பது மூன்றும் வரும். போட்டது 1,100, வருவது 1,900. துண்டறிக்கையிலேயே எல்லாம் அச்சாகியிருந்தது. யாரும் வகுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கணவனும் மனைவியும் கடை இயந்திரத்தின் முன் நாள் முழுக்க நின்று சீட்டு அச்சடித்தார்கள். விழாத சீட்டுகளை வருமான வரிக்காரர்களுக்குக் காட்டவேண்டுமே என்று பெட்டி பெட்டியாகக் கொட்டகையில் சேர்த்துவைத்தார்கள். மிச்சிகன் அந்த லாட்டரியை மூடியதும், அதே மாதிரி ஒன்று நடந்த மாசசூசெட்ஸுக்குக் காரிலேயே போய் எடுத்தார்கள். அங்கே எம்.ஐ.டி. மாணவர் குழு ஒன்றும் இதே கணக்கைக் கண்டுபிடித்துக் களத்தில் இருந்தது. ஒன்பது வருஷத்தில் செல்பி தம்பதியும் அவர்களோடு பணம் போட்ட ஊர்க்காரர்களும் ஈட்டிய லாபம் வரிக்கு முன் 77 லட்சம் டாலருக்கு மேல். 2012இல் மாநில அதிகாரிகள் துருவிப் பார்த்துவிட்டுச் சட்டமீறல் எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். மாநிலத்துக்கும் நஷ்டமில்லை, ஒவ்வொரு சீட்டிலும் அதன் பங்கு முதலிலேயே எடுத்தாகிவிட்டது. பிறகு அந்தப் பணம் யாருடையது? மற்ற வாரங்களில் கணக்குப் பார்க்காமல் சீட்டு வாங்கியவர்களுடையது.

வாளையாறுச் சீட்டில் இப்படி ஓட்டை எதுவும் இல்லை. பரிசு அடுத்த வருஷத்துக்குச் சேர்வதில்லை, கீழிறங்குவதும் இல்லை. பணமாகப் பார்த்தால் 500 கொடுத்து 116 வாங்கும் வியாபாரம், வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. ஆனாலும் நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன். குலுக்கல் நாள் வரை பர்ஸில் இருந்தது, பத்து நாள் மனசுக்குள் வீடு கட்டினேன், மாடி எழும்பும் முன் முடிவு வந்துவிட்டது. அந்தப் பத்து நாளுக்கு 384 ரூபாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சீட்டோடு நிறுத்தியதில் மட்டும் எனக்குத் திருப்தி. முதல் சீட்டு, வாய்ப்பே இல்லாதவரை வாய்ப்புள்ளவராக ஆக்குகிறது. இரண்டாவது சீட்டு ஏழு சிப்பத்தில் இன்னோர் அரிசியை எடுக்கவிடுகிறது, அதற்கும் அதே 500 ரூபாய்.

கேரளத்தில் பரப்பனங்காடி நகராட்சியில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பெண்கள் பதினோரு பேர் 2023இல் மழைக்கால பம்பர் சீட்டு ஒன்றைக் கூட்டாக எடுத்தார்கள். சீட்டு 250 ரூபாய். ஒன்பது பேர் ஆளுக்கு 25 போட்டார்கள். இருவரிடம் அதுவும் இல்லாததால் ஆளுக்குப் பன்னிரண்டரை. விழுந்தது 10 கோடி. கணக்கு இந்தப் பதினோரு பேரையும் விட்டுவைக்காது, அவர்களின் சீட்டும் சராசரியில் நஷ்டச் சீட்டே. தோற்றிருந்தால் தலைக்கு மிஞ்சிப்போனால் 25 ரூபாய் போயிருக்கும். எனக்குத் தெரிந்து லாட்டரி எடுக்க இதைவிடப் புத்திசாலித்தனமான வழி இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் எல்லை தாண்டிப் போய் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். முதல் பரிசு விழவில்லை என்றதும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கடைசி நான்கு இலக்கத்தை முழுப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பதினேழில் ஒன்றுக்கு ஏதாவது உண்டு, சீட்டை ஒப்படைக்கக் கெடு முப்பது நாள்.